ஏழு மில்லிமீட்டர் மழை

மொட்டை மாடிகளில் தண்ணீர் கசியாமல் பூச்சு பூசித் தருகிற அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் பயம் ஒன்றே ஒன்றுதான்: மழை. பூசி முடித்து ஒரு பகல் முழுக்கக் காய்ந்துவிட்டால் அப்புறம் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனால் அந்த ஒரு பகலுக்குள் நாலு தூறல் விழுந்தால் போச்சு. பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும், எல்லாவற்றையும் சுரண்டிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மழையைத் தடுக்கிறவர்களே மழைக்கு இப்படி நடுங்கலாமா என்று வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சிரிப்பார்கள், அவர்களுக்கென்ன!

அன்றைக்கு மாடி ஏறலாமா கூடாதா என்பதை மேஸ்திரிகள் காலை எட்டு மணிக்குத் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்வார்கள். அதற்கென்று இணையத்தில் கம்பெனிக்கு ஓர் அட்டவணை இருந்தது. எந்தக் கட்டடம், எந்த மேஸ்திரி, எத்தனையாவது பூச்சு என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசியில், தேதிக்கு ஒன்றாக, மழைக் கட்டம். 'ஏறலாம்' என்று இருந்தால் ஏறுவார்கள், 'ஏறாதீங்க' என்று இருந்தால் கீழே உட்கார்ந்து தூரிகைகளைக் கழுவுவார்கள்.

அந்தக் கட்டத்தை ஒன்பது வருஷமாக நிரப்பிக்கொண்டிருந்தவள் முதலாளியின் தம்பி மனைவி. யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான் என்பதால் கம்பெனியில் அவளுக்குப் போன்காரம்மா என்று பெயர். காலை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்து மூன்று பேருக்குப் போன் போடுவாள். மேற்கே செங்கல் சூளையைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சலவைக்கூடம் நடத்துகிற அம்மாள் ஒருத்தி. லாரிக்காரர்களுக்குத் தார்ப்பாய் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர். முதல் இரண்டு பேருக்கும் மழை வந்தால் நஷ்டம், மூன்றாமவருக்கு வராவிட்டால் நஷ்டம். ஆக மூன்று பேருமே விடிந்ததும் வானத்தைப் பார்க்காமல் பல் விளக்க மாட்டார்கள். சாப்பிட்டாச்சா, முழங்கால் வலி எப்படி, மருமகள் திரும்பி வந்துவிட்டாளா என்று ஊர்க்கதை எல்லாம் ஓடும். அதற்கு நடுவில் காற்று எந்தப் பக்கம், மேகம் எந்த நிறம் என்பதும் வந்துவிடும். போனை வைத்துவிட்டு ஒரே ஒரு வார்த்தையை அடிப்பாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் சொன்னது தப்பியது நாலு தடவையோ ஐந்து தடவையோ. ஆனால் அதை ஒரு வேலையாக யாரும் மதித்ததில்லை. காலங்கார்த்தாலே வம்பளக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் புருஷனும் அப்படித்தான் நினைத்தார்.

புருஷன் என்றால் சின்னவர். கம்பெனி அண்ணனுடையது, அவர் பெரியவர், இவர் சின்னவர், அவ்வளவுதான். சின்னவருக்குக் கம்பெனியில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது. யோசனை சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சு டிரம்களுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி எண்ணலாம் என்றார். டிரம்மில் வழிந்த பூச்சே ஸ்டிக்கரைத் தின்றுவிட்டது. தொழிலாளிகளுக்கு வெள்ளைச் சீருடை என்றார். கறுப்புப் பூச்சுக்கு முன்னால் அது எத்தனை நாள் வெள்ளையாக இருந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். வேலைக்கு ஒன்று, கட்டடத்துக்கு ஒன்று என்று போனில் நாற்பத்தொரு குழுக்கள் ஆரம்பித்தார். எந்தக் குழுவில் எதைச் சொன்னோம் என்று தெரியாமல் ஒரே மாடிக்கு இரண்டு மேஸ்திரிகள் போய் நின்றார்கள்.

திங்கட்கிழமை தோறும் கம்பெனியில் கூட்டம் நடக்கும். பெரியவரின் அறையில் ஆறு நாற்காலிகள், ஏழு பேர். ஏழாவது ஆள் யார் என்று கேட்க வேண்டியதில்லை. சின்னவர் ஒரு காலி டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு மூலையில் உட்காருவார். பெரியவர் மேஸ்திரிகளைக் கேட்பார், கணக்கரைக் கேட்பார், சில சமயம் காப்பி கொண்டுவந்தவரைக்கூடக் கேட்பார். தம்பி பக்கம் மட்டும் கழுத்து திரும்பாது. ஒரு திங்கட்கிழமையாவது அண்ணன் தன்னைப் பார்த்து 'நீ என்ன சொல்ற?' என்று கேட்க மாட்டாரா என்பதுதான் நாற்பத்திரண்டு வயதில் சின்னவருக்கு இருந்த ஒரே ஏக்கம். வெளியில் சொன்னால் வெட்கக்கேடு, சொல்லாமல் இருந்தால் நெஞ்சில் பாரம்.

இப்படி இருக்கும்போதுதான் அவர் போனில் ஒரு வீடியோ வந்தது. வெளியே எங்கிருக்கிற தகவலையும் உங்கள் அட்டவணைக்குள் கொண்டுவரலாம், ஒரு வரி கம்ப்யூட்டர் நிரல்கூட எழுத வேண்டாம், பத்து நிமிஷம் போதும் என்று ஒருவர் சிரித்த முகமாகச் சொன்னார். சின்னவர் அதை நாலு தடவை பார்த்தார். மத்தியானம் சாப்பிடும்போது மனைவியிடம் விளக்கினார்.

"வெளியில ஒருத்தன் உலகம் பூராவும் வானிலையை அளந்து வச்சிருக்கான். முறையாக் கேட்டா கொடுப்பான். அந்தக் கேக்கற முறைக்குப் பேர்தான் ஏபிஐ."

"எப்படிக் கேக்கணும்?"

"நாம கேக்க வேண்டாம். நம்ம அட்டவணையே கேட்டு வாங்கி, மழைக் கட்டத்துல போட்டுக்கும். இனிமே காலையில நீ மூணு பேருக்குப் போன் போட்டுத் தொண்டத்தண்ணி வத்தப் பேச வேண்டாம்."

"அது எப்படிங்க இங்க மழை வர்றது அவனுக்குத் தெரியும்?"

"மேல சேட்டிலைட் இருக்கு. உன் செங்கல் சூளைக்காரருக்கு இருக்கா?"

"நல்லதுங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

வேலை பத்து நிமிஷத்தில் முடியவில்லை, மூன்று நாள் ஆனது. வானிலைக்காரர்களிடம் பதிவு செய்து நீளமான ரகசிய எண் ஒன்றை வாங்கி அதை ஒரு பெட்டிக்குள் ஒட்டினார். எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது: வெப்பம், காற்று, ஈரப்பதம், மழை. நமக்கெதற்கு ஆடம்பரம் என்று மழையை மட்டும் தேர்ந்தெடுத்தார். எந்த இடத்து மழை என்று சொல்ல இரண்டு பெட்டிகள் இருந்தன, அட்சரேகைக்கு ஒன்று, தீர்க்கரேகைக்கு ஒன்று. வரைபடத்தில் கம்பெனி வாசலைத் தொட்டு, அது கொடுத்த இரண்டு எண்களையும் இரண்டு பெட்டிகளிலும் போட்டார். அட்சரேகைக்கு உரியது தீர்க்கரேகைப் பெட்டியிலும், தீர்க்கரேகைக்கு உரியது அட்சரேகைப் பெட்டியிலும் போய் உட்கார்ந்தன. இரண்டுமே எண்கள்தானே, எந்தப் பெட்டியும் வாயைத் திறந்து ஆட்சேபிக்கவில்லை. பச்சை நிறத்தில் ஒரு 'சரி' விழுந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு தடவை தகவல் வரும் என்று ஏற்பாடு. மழைக் கட்டத்தில் இனி வார்த்தை இல்லை, மில்லிமீட்டர். சைபர் என்றால் ஏறலாம், வேறு எது இருந்தாலும் ஏறக்கூடாது.

முதல் இரண்டு வாரமும் வெயில். கட்டத்தில் தினமும் சைபர். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். "கோடையில மழை வராதுன்னு சொல்றதுக்கு சேட்டிலைட்டாடா வேணும்?" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை. காலையில் வானம் பளிச்சென்று இருந்தது. எட்டு மணிக்குப் பார்த்தால் கட்டத்தில் ஏழு. மேஸ்திரிகள் முணுமுணுத்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார்கள். பெரியவர் தம்பியைத் தேடி ஆள் அனுப்பினார், திட்டுவதற்குத்தான். ஆள் சின்னவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவருவதற்குள் வெளியே சடசடவென்று கொட்ட ஆரம்பித்துவிட்டது. பெரியவர் ஜன்னலைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"பரவாயில்லையேடா!" என்றார்.

அதற்குப் பிறகு கேட்பானேன்! மழை வந்த நாளெல்லாம் கட்டத்தில் ஏழு இருந்தது. ஏழு இருந்த நாளெல்லாம் அநேகமாக மழை வந்தது. எப்போதும் ஏழுதான், ஆறு இல்லை, எட்டு இல்லை. இதைச் சின்னவரும் கவனித்தார், கவனிக்காமல் இல்லை. இந்த ஊர் மழைக்கென்று ஓர் அளவு இருக்கிறது, இத்தனை நாள் யாரும் அளக்காததால் தெரியவில்லை என்று கணக்கரிடம் விளக்கம்கூடச் சொன்னார். கணக்கர் 'இருக்கலாம்' என்றார்.

அடுத்த திங்கட்கிழமை அறையில் ஏழு நாற்காலிகள் இருந்தன. சின்னவர் பழக்கதோஷத்தில் டிரம்மைத் தேடினார். "எங்க போற? இங்க உக்காரு," என்று பெரியவர் தன் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். 'டேய்' போய் 'தம்பி' வந்தது. "தம்பி, நீ என்ன சொல்ற?" என்ற கேள்வியும் ஒரு நாள் வந்தேவிட்டது. என்ன கேட்டார் என்பதே சின்னவருக்குக் காதில் விழவில்லை, கேட்டார் என்பது மட்டும்தான் விழுந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை மூன்று விதமாக நடித்துக் காட்டினார். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஒன்றுதான் அவருக்குப் புரியவில்லை. மழைக் கட்டத்து வேலை போன பிறகும் அவள் ஏழு மணிக்கே கம்பெனிக்குக் கிளம்பினாள்.

"அதான் மெஷின் பாத்துக்குதே, நீ எதுக்கு இவ்வளவு சீக்கிரம் ஓடுற?"

"பழகிப் போச்சுங்க."

"வம்பு பேசாம இருக்க முடியல, அதைச் சொல்லு."

"அதுவும்தான்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மரியாதை என்பது ஒரு பொல்லாத சமாச்சாரம். கிடைக்கிற வரைக்கும் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றிருக்கும், கிடைத்த பிறகு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றிருக்கும். பெரிய பள்ளிக்கூடம் ஒன்றின் முழு மாடியும் கம்பெனிக்குக் கிடைத்தபோது சின்னவர் அதற்காகவே ஒரு புதுமை செய்தார். நாளைக்கு ஒரு தடவை வந்துகொண்டிருந்த தகவல் இனி கால் மணிக்கு ஒரு தடவை வரட்டும் என்று மாற்றினார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லி அசத்தலாம் என்று ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட.

மாற்றியது வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தின் பழைய பூச்சையெல்லாம் சுரண்டிய வெற்று மாடியில் இருபது பேர் ஏறி முதல் பூச்சு பூச ஆரம்பித்தார்கள். பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இடி, மின்னல், ஒன்றும் பாக்கியில்லை. பூசியது வழிந்து சுவரெல்லாம் கறுப்புக் கோடுகள். பூசாத இடத்தில் தண்ணீர் இறங்கி நேராக நூலகத்துக்குள் போனது. தலைமையாசிரியை போனில் போட்ட சத்தம் கம்பெனி வாசல் வரைக்கும் கேட்டது. பெரியவர் அன்று மத்தியானமே எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

தலைமை மேஸ்திரி தலை துவட்டக்கூட இல்லை. "என் மேல தப்பில்லைங்க. ஏழேகாலுக்கு முன்னாடி பாத்தேன், ஏழுன்னு இருந்துச்சு. சரி, இன்னைக்கு லீவுன்னு வண்டியைத் திருப்பினேன். எட்டு மணிக்கு இன்னொரு தடவை பாத்தா சைபர். ஏறிட்டோம்."

சின்னவருக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே தெம்பு வந்தது. ஏழு என்று மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! நடுவில் எவனோ புகுந்து சைபராக்கியிருக்கிறான்.

"அண்ணே, இதுல யாரோ கை வச்சிருக்காங்க," என்று எழுந்து நின்றார். "விடக்கூடாது. எந்தக் கட்டத்தை, யார், எத்தனை மணிக்கு மாத்தினாங்கன்னு இதுலயே பதிவாகியிருக்கும். இப்பவே, எல்லாரும் பாக்கத் திறக்கறேன்."

சுவரில் இருந்த பெரிய திரையில் திறந்தார். போன்காரம்மா கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திறந்திருக்க மாட்டார்.

பதிவு வரிசையாக வந்தது, மெஷின் போட்டதெல்லாம் 'இறக்குமதி' என்ற பெயரில். முதல் மழை பெய்த அந்தப் புதன்கிழமை: ஆறு மணி, இறக்குமதி, சைபர். ஏழு பன்னிரண்டு, போன்காரம்மா, ஏழு. அதற்கடுத்த மழை: ஆறு மணி, இறக்குமதி, சைபர். ஏழு பத்து, போன்காரம்மா, ஏழு. இப்படியே இருபத்திமூன்று நாள். இருபத்திமூன்று நாளும் மெஷின் சைபர் என்றுதான் சொல்லியிருக்கிறது. இருபத்திமூன்று நாளும் இவள்தான் வந்து திருத்தியிருக்கிறாள். கடைசியாக அன்றைய தேதி: ஆறு மணி, இறக்குமதி, சைபர். ஏழு பதின்மூன்று, போன்காரம்மா, ஏழு. ஏழே கால், இறக்குமதி, சைபர்.

சின்னவருக்கு ஒரே மூச்சில் எல்லாம் புரிந்துவிட்டது. கால் மணிக்கு ஒரு தடவை வரட்டும் என்று தான் வைத்தது, அவள் போட்ட ஏழை இரண்டே நிமிஷத்தில் அழித்திருக்கிறது. மழையைச் சொன்னது சேட்டிலைட் இல்லை, செங்கல் சூளையும் சலவைக்கூடமும் தார்ப்பாயும்தான். அவருடைய நாற்காலிக்கு நாலு காலும் அவள்தான்.

பெரியவர் திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் தெரிந்தது ஒரே ஒரு பெயர்.

"ஏம்மா, நீயா?" என்றார். "மெஷின் போட்டதை எடுத்துட்டு எடுத்துட்டு நீ எழுதியிருக்கியா?"

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சின்னவர் வாயைத் திறந்தார். இதோ சொல்கிறேன், அண்ணன் மூச்சு விடட்டும் என்று நினைத்தார். மேஸ்திரி போகட்டும் என்று நினைத்தார். நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பது அவருக்கே பிறகுதான் தெரிந்தது. மொத்தம் பத்து நொடி இருக்கும். ஒரு மனுஷன் கோழையா இல்லையா என்று தெரிவதற்கு அது தாராளமான நேரம்.

அவள் புருஷனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பெரியவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஆமா மாமா. நான்தான் மாத்தினேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"மெஷின் வேலையில நீ எதுக்கும்மா கை வைக்கிற? போன் எடுக்கற வேலை இருக்கு, அதைப் பாரு. இருபது பேர் உழைப்பு தண்ணியில போச்சு." பெரியவர் தம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, இவங்க இனிமே அதைத் தொட முடியாத மாதிரி பண்ணிடு. இப்பவே."

சின்னவர் செய்தார். அவள் பெயருக்கு எதிரே இருந்த 'திருத்தலாம்' என்பதை 'பார்க்கலாம்' என்று மாற்றினார். எல்லோரும் பார்க்க, பெரிய திரையில். இதற்கும் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியிருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, மெஷின் ஏன் எப்போதும் சைபரே சொல்லியிருக்கிறது என்று தேடினார். பெட்டிகளில் இருந்த எண்களை இருந்த வரிசையிலேயே எடுத்து வரைபடத்தில் போட்டார். குறி போய் விழுந்த இடத்தில் வீடும் இல்லை, சாலையும் இல்லை, நிலமே இல்லை. வடக்கே வடக்கே போய், பனிப்பாறை மிதக்கிற ஒரு கடல். அங்கே மழை எங்கே பெய்யும், பெய்தால் பனிதான் பெய்யும். இரண்டரை மாதமாகக் கம்பெனி அந்தக் கடலைப் பார்த்து மாடி ஏறியிருக்கிறது. அன்றைக்கு ஆடம்பரம் என்று ஒதுக்கிய வெப்பத்தையும் சேர்த்துக் கேட்டிருந்தால், முதல் நாளே உறைகுளிர் காட்டி மானத்தை வாங்கியிருக்கும். மனம் வெந்துபோய் இரண்டு எண்களையும் இடம் மாற்றினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது. அதுதான் கொடுமை. வானிலைக்காரன் கெட்டிக்காரன், சரியான இடத்தைச் சொன்னால் சரியாகத்தான் சொல்கிறான். நாலு, பன்னிரண்டு, ஒன்றரை என்று விதவிதமான எண்கள் வந்தன, விதவிதமாக மழையும் வந்தது. பள்ளிக்கூட மாடியை மறுபடி சுரண்டிப் பூசி, ஒரு சொட்டு நனையாமல் காய வைத்தார்கள். பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் சொன்னார்: "தம்பி போட்ட மெஷின் ஒழுங்காத்தாங்க இருந்துச்சு. நடுவுல எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி கை வச்சிட்டா. அந்தக் கையை எடுத்தோம், பாருங்க, எப்படி ஓடுது!" சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரிப்பார். அவர் பொல்லாதவர் இல்லை, வேடிக்கையாகத்தான் சொன்னார். போன் மேஜை அவர் அறைக்கு நேர் எதிரே இருந்தது.

வீட்டில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, பாத்திரத்தை டமாரென்று வைக்கவில்லை. வழக்கம்போல சாப்பாடு போட்டாள், வழக்கம்போல பேசினாள். சண்டை போட்டிருந்தால் சின்னவர் பிழைத்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாங்க முடியாமல் அவரே கேட்டார்.

"மெஷின் தப்பாச் சொல்லுதுன்னு முதல் நாளே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் நினைச்சேன். அன்னைக்குத்தான் உங்க அண்ணன் 'பரவாயில்லையே'ன்னாரு. நீங்க வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி குதிச்சீங்க. எனக்கு மனசு வரல." துணியை மடித்து வைத்தாள். "மில்லிமீட்டர்னா எவ்வளவுன்னு எனக்கென்ன தெரியும்? மணி ஏழு, அதனால ஏழுன்னு போட்டேன்."

"இப்ப காலையில சீக்கிரம் போறதில்லையே நீ."

"போய் என்ன பண்றது? எழுதறதுக்கு எனக்குக் கட்டம் இல்லையே."

இதை அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் சின்னவருக்கு உடம்பெல்லாம் கூசியது. 'தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா' என்று தன்னையே திட்டிக்கொண்டார். நாளைக்குத் திங்கட்கிழமை, எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது, நாற்காலி போனால் போகட்டும், டிரம் எங்கேயும் ஓடிவிடவில்லை என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை கூட்டம் ஆரம்பித்ததும் எழுந்து நின்றார். கதவு திறந்திருந்தது, வெளியே போன் மேஜையில் அவள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"அண்ணே, பள்ளிக்கூடத்து மாடி நனைஞ்சதுக்குக் காரணம் நான்தான். நான் இடத்தைத் தப்பாப் போட்டுட்டேன். மெஷின் இத்தனை நாளா ஏதோ பனிக்கடல்ல மழை இல்லைன்னு சொல்லிட்டு இருந்திருக்கு. அவதான் தினமும் மூணு பேர்கிட்ட விசாரிச்சு, அதைத் திருத்தி நம்மளைக் காப்பாத்தினா. நான் யார்கிட்டயும் சொல்லாம ஒரு மாத்தம் பண்ணேன், அவ எழுதினது அழிஞ்சு போச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல."

பெரியவர் கண்ணைச் சுருக்கித் தம்பியைப் பார்த்தார். பிறகு மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா?" என்று மேஸ்திரிகளைக் கேட்டார். "பொண்டாட்டியை விட்டுக்கொடுக்க மனசு வரல பாருங்க! தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கறான். பனிக்கடலாம்! எப்படிடா யோசிக்கிற நீ?"

"இல்லண்ணே, நிஜமாவே..."

"நிஜம்தான், நிஜம்தான். உக்காரு."

"வேணும்னா வரைபடத்துல காட்டறேன்."

காட்டினார். குறி கம்பெனி வாசலில் கச்சிதமாக வந்து நின்றது. அவர்தான் அதைத் திருத்திவிட்டாரே! தப்பைச் சரிசெய்த கையோடு அதற்கான சாட்சியையும் துடைத்துவிட்டார். பழைய பதிவைத் திறக்கப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வேண்டாம்பா. அதைத்தான் அன்னைக்கு எல்லாரும் கண்ணால பாத்தோமே. திரும்பத் திரும்பக் காட்டி அந்தப் பொண்ணு மனசைப் புண்படுத்தணுமா? நீ இவ்வளவு சொன்னதே பெரிசு." அவருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. "தம்பின்னா இப்படி இருக்கணும்."

தலைமை மேஸ்திரி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். சின்னவர் நின்றுகொண்டே இருந்தார். யாரோ தோளைப் பிடித்து அழுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்து அவள் மேஜைக்கு எதிரே நின்றார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றார்.

"கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

"அவர் நம்ப மாட்டேங்கறார்."

அவள் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

"இன்னைக்கு நம்ப மாட்டாருங்க," என்றாள். "அன்னைக்குச் சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு."